வெள்ளைத் தொப்பியைக் கழற்றிவிட்டால்

எங்கள் சின்ன மாமா ஒரு நடுவர். சொத்துத் தகராறு தீர்த்துவைக்கிற நடுவர் இல்லை, கிரிக்கெட் நடுவர். மதுரைப் பக்கம் மாவட்ட லீக் ஆட்டங்களில் கறுப்புப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையும் அகலமான வெள்ளைத் தொப்பியுமாக நிற்பார். கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதுவது வயிற்றுக்கு, இது கௌரவத்துக்கு. ஒரு மேட்சுக்குத் தருகிற படி வண்டிக்குப் பெட்ரோல் போடவும் திரும்பும் வழியில் ஒரு ஜிகர்தண்டா குடிக்கவும் சரியாகப் போய்விடும் என்று அத்தை சொல்வார். ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிற மாமா இந்தக் கணக்கில் மட்டும் தலையிடுவதில்லை.

தொப்பி தலையில் இருக்கும்வரை அவரைப் போல ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது. சித்திரை வெயிலில், கயிற்று மேட்டிங் அடித்த பிட்ச்சுக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்பார். சிரிப்புக் கிடையாது. பாய்ந்து விழுந்து பிடித்த கேட்ச்சுக்கும் கைதட்டல் கிடையாது. பவுலர் மண்டி போட்டு, இரண்டு கையையும் விரித்து, பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற மாதிரி அலறினாலும், ஒரு மூச்சு இழுத்து விட்டு, அடங்கின குரலில் 'நாட் அவுட்' என்பார். இடது பாக்கெட்டில் ஆறு புளியங்கொட்டை வைத்திருப்பார். ஒரு பந்து முடிந்தால் ஒரு கொட்டை வலது பாக்கெட்டுக்குப் போகும். பந்து எண்ணுகிற கிளிக்கர் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். அதை அத்தை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஜெபம் எண்ணுகிறார். மாமா புளியங்கொட்டையை விடவில்லை.

அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு மட்டையைக் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியதும் அதற்குள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் தொடங்கிவிடும். அதற்குத் தனிச் சட்டம் உண்டு. எல்பி கிடையாது. முதல் பந்து டிரையல். கருவேல மரத்தில் பட்டால் இரண்டு ரன். மடைக்குள் விழுந்தால் அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். நடுவர் பேட்டிங் டீமிலிருந்தே வருவான், அடுத்து இறங்க வேண்டிய பையன். வெளியூர்க்காரர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். கொஞ்சம் யோசித்தால் இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்திலேயே இல்லை என்று புரியும். ஆடுகிறவன் அவுட் ஆனால்தானே நடுவருக்கு பேட்டிங் கிடைக்கும்? அதனால் சொந்த டீமாக இருந்தாலும் நியாயமாகத்தான் கொடுப்பான். சில நேரம் நியாயத்துக்குக் கொஞ்சம் மேலேயே கொடுப்பான்.

இந்தக் கண்மாய்க்குள் மாமா எம்சிசி சட்டப் புத்தகத்தோடு இறங்குவார். புத்தகம் கையில் இருக்காது, தலைக்குள் இருக்கும். மொத்தம் 42 சட்டம், உட்பிரிவோடு மனப்பாடம். போன கோடையில் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் அவருக்குப் பந்து போட்டான். மாமா காலை முன்னால் வைத்து, மட்டையை நேராகக் கொண்டுவந்து, எல்லாம் பாடப்படி செய்தார். பந்து மட்டும் பாடப்படி வராமல் ஒரு வெடிப்பில் குத்தித் திரும்பி நடு ஸ்டம்ப்பில் பட்டது. ஸ்டம்ப் என்றால் கருவேலங்குச்சி. சாய்ந்தது, விழவில்லை.

பையன்கள் குதித்தார்கள். மாமா அசையவில்லை.

"எதுக்குடா குதிக்கிறீங்க? 29-வது சட்டம் என்ன சொல்லுது? பெயில் முழுசா விலகணும். இல்ல ஸ்டம்ப் தரையை விட்டுப் பிடுங்கிக்கிட்டு வரணும். ரெண்டும் நடக்கலையே."

"நம்மகிட்ட பெயிலே இல்லையே மாமா."

"பெயில் இல்லாம ஆடுறதா இருந்தா எட்டாவது சட்டப்படி அம்பயருங்க கலந்து பேசி முடிவெடுத்திருக்கணும். எடுத்தீங்களா?"

எட்டாவது படிக்கிறவன் எட்டாவது சட்டத்துக்கு என்ன பதில் சொல்வான்? பந்தைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். அடுத்து பேட்டிங் இறங்க வேண்டிய நடுவர்ப் பையன் விரலைத் தூக்கித்தான் வைத்திருந்தான். மாமா ஒரு பார்வை பார்த்ததும் அதே விரலால் காதைக் குடைந்துகொண்டான்.

மாமா வீட்டு அலமாரிக் கண்ணாடிக்குள் வெங்கட்ராகவன் படம் ஒன்று இருக்கிறது. பத்திரிகையில் வந்ததை வெட்டி ஒட்டியது. கிண்டியில் பொறியியல் படித்து, 57 டெஸ்ட் ஆடி 156 விக்கெட் எடுத்து, 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் இந்தியாவுக்கு கேப்டனாக இருந்தவர். ஆடினதைவிட அதிகமாக, 73 டெஸ்ட்டுக்கு நடுவராக நின்றார். ஐசிசி எலைட் பேனலில் முதலில் இடம் பிடித்த இந்தியரும் அவர்தான். "ஆடுறவனே நடுவரா வந்தா எப்படி இருக்கும்ங்கறதுக்கு அவருதான்டா சாட்சி" என்பார் மாமா. உண்மைதான். ஆனால் வெங்கட் ஆடி முடித்துவிட்டு நடுவரானார். மாமா சனிக்கிழமை நடுவர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர். நடுவில் ஒரு ராத்திரிதான் இருக்கிறது. குணம் மாற அது எப்படிப் போதும்?

டிவி பார்க்கும்போது மட்டும் மாமா எந்நாளும் நடுவர் கட்சி. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு பவுண்டரிக்குப் போனதும் தர்மசேன ஆறு ரன் கொடுத்தார். ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்று சைமன் டாஃபலே பின்னால் சொன்னார். தெருவே தர்மசேனவைத் திட்டிக்கொண்டிருந்தபோது மாமா மட்டும், "அங்க நின்னு பாருடா மாப்ள, அப்பத் தெரியும். பந்து எறிஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் குறுக்க கடந்தாங்களா இல்லையான்னு எந்தக் கண்ணால பாக்குறது?" என்றார். தர்மசேன 1996 இறுதியில் ஆடியவர், 2015 இறுதிக்கு நடுவராக நின்றவர், அந்த இரண்டையும் செய்த முதல் ஆள். அவருக்கே இந்த கதி என்று மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் மோர் கூட ஊற்றிக்கொள்ளவில்லை.

2022 ஐபிஎல்லில் டெல்லிக்கும் ராஜஸ்தானுக்கும் நடந்த ஆட்டம் நினைவிருக்கலாம். கடைசி ஓவரில் இடுப்புக்கு வந்த ஒரு புல்டாஸுக்கு நோபால் கொடுக்கவில்லை என்று ரிஷப் பந்த் மட்டையாளர்களை வெளியே வரச்சொல்லிக் கையை ஆட்டினார். துணைப் பயிற்சியாளர் பிரவீன் ஆம்ரே நேராக மைதானத்துக்குள்ளேயே நடந்துபோனார். இரண்டு பேருக்கும் மேட்ச் சம்பளம் முழுக்க அபராதம், ஆம்ரேவுக்குக் கூடுதலாக ஓர் ஆட்டத் தடை. மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கோச்சுக்கு கோட்டுக்குள்ள என்னடா வேலை? ஒரு மேட்ச் தடையெல்லாம் பத்தாது."

அந்தச் சமயத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடப் பையன்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சியில் பேட்டிங், பவுலிங்கைவிட அதிக நேரம் அப்பீலுக்குப் போகும். வரிசையாக நிறுத்தி அப்பீல் பண்ணச் சொல்லுவார். "பவுலர் ஓடிக்கிட்டே கேக்கக் கூடாது. திரும்பி அம்பயர் மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். கீப்பர் முதல்ல ஆரம்பிக்கணும், அப்பத்தான் அம்பயருக்கு நம்பிக்கை வரும். பாயின்ட்ல நிக்கிறவன் எல்பிக்குக் கத்தாத, உனக்கு லைன் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும்." ஒரு பையன் கேட்டான்: "அவுட் இல்லைன்னு நமக்கே தெரிஞ்சா சார்?" மாமா கொஞ்சம் யோசித்து, "மரியாதையாக் கேளு" என்றார்.

அடுத்த ஞாயிறே மேட்ச். எதிரணிப் பையனுக்கு ஒரு ரன் அவுட். ஸ்கொயர் லெக்கில் நின்றவர் மாமாவுக்கு நான்கைந்து வருஷம் ஜூனியர் நடுவர், அவர் கையை உயர்த்தவில்லை. மாமா முதலில் பவுண்டரிக் கோட்டை ஒட்டி நடந்தார். பிறகு கோட்டின் மேல் நடந்தார். அப்புறம் எங்கள் எல்லோர் கண் முன்னாலேயே பிட்ச் வரை போய், கிரீஸைக் குனிந்து பார்த்து, செருப்பு நுனியால் ஒரு இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

"என்ன மாமா, கோச்சுக்கு உள்ள என்ன வேலைன்னு நீங்கதானே…"

"நான் கோச்சாப் போகலடா. சீனியராப் போனேன்."

மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற பழமொழி இருக்கிறதே, அதில் மாமாவுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இது எங்கள் மாமாவோடு போகிற விஷயம் இல்லை. உலக அளவில் இதற்கு நேர்மாறான கதைகள் நிறைய. இங்கிலாந்தின் கிறிஸ் பிராட் 1987 நவம்பரில் லாகூரில் அவுட் கொடுத்த பிறகும் கிரீஸை விட்டு நகர மாட்டேன் என்று நின்றார், எதிர்முனையிலிருந்து கூச் வந்து பேசி அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்து சிட்னியில் 139 அடித்து போல்டானதும் மட்டையால் ஸ்டம்பை ஒரே அடி. 500 பவுண்டு அபராதம். 2003-இல் அவரைத்தான் ஐசிசி ஆட்ட நடுவராக, அதாவது ஆட்டக்காரர்களின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கிற மேட்ச் ரெப்ரியாகப் போட்டது. போட்டது தப்பில்லை. திருட்டு வழிகளெல்லாம் தெரிந்தவரைக் காவலுக்கு வைத்தால் வீடு பத்திரமாக இருக்கும். 2020-இல் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் தகாத வார்த்தை பேசியதற்காகத் தன் சொந்த மகன் ஸ்டூவர்ட் பிராடுக்கே 15 சதவீதம் அபராதம் போட்டார் மனிதர். அப்பாவுக்கு இனி கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை கிடையாது என்று மகன் கேலியாக அறிவித்தார்.

கிளைவ் லாயிட் கேப்டனாக இருந்த 1980 நியூசிலாந்துப் பயணத்தில்தான் ஹோல்டிங் டனீடனில் ஸ்டம்பை உதைத்தார், கிறைஸ்ட்சர்ச்சில் குரோஃப்ட் ஓடிவந்து நடுவர் குடாலை இடித்தார். லாயிடும் பின்னால் மேட்ச் ரெப்ரியாக உட்கார்ந்து மற்றவர்களுக்கு அபராதம் போட்டார். ஆக, ஆடும்போது அட்டகாசம் செய்தவர்கள் தீர்ப்பு சொல்ல வந்தால் திருந்திவிடுகிறார்கள். தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஆட வந்தால்தான் ஆபத்து.

காரணம் இருக்கிறது. சாதாரண ஆட்டக்காரன் கத்துவான், எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமலே கத்துவான், அடங்கிவிடுவான். நடுவராக இருக்கிற ஆட்டக்காரன் கத்தவே மாட்டான். நடுவருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வரும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் மெதுவாக விரலை வைத்து அமுக்குவான். மாமா ரன்னர் முனையில் நிற்கும்போது நடுவரிடம் ரொம்பப் பிரியமாகப் பேச்சுக் கொடுப்பார். "வெயில் ஜாஸ்தி தம்பி, தண்ணி குடிச்சீங்களா? போன ஓவர்ல அந்த வைட், நீங்க கொடுக்காதது சரிதான். பலபேர் கொடுத்திருப்பாங்க." அவ்வளவுதான் சொல்வார். அடுத்த ஓவரில் அந்தத் தம்பி ஒன்றுக்கு இரண்டாக வைட் கொடுப்பான். இன்னொன்று, நாள் முழுக்கச் சிரிக்காமல், கைதட்டாமல், திட்டினால் திருப்பித் திட்டாமல் நிற்கிற உடம்பு அது. எங்கேயாவது அது வெளியே வரத்தானே செய்யும்? அத்தையிடம் வராமல் கண்மாயில் வருகிறதே என்று குடும்பத்தில் எல்லோருக்கும் நிம்மதி.

இதெல்லாம் ஒரு நடுவர் ஆடினால் வருவது. இருபத்திரண்டு நடுவர்கள் ஆடினால்?

சீசன் முடிந்ததும் எங்கள் மாவட்ட நடுவர்களும் பக்கத்து மாவட்ட நடுவர்களும் ஒரு நட்பு ஆட்டம் ஆடுவார்கள். 20 ஓவர், பிற்பகல் 2 மணிக்குத் தொடக்கம், முடிந்ததும் பரோட்டா. எங்கள் பக்க கேப்டன் மாமா. நான் ஸ்கோர் நோட்டோடு வேப்பமரத்தடியில், பக்கத்தில் அந்த மாவட்டத்து ஸ்கோரர். இந்த ஆட்டத்துக்கு யார் நடுவராக நிற்பது? அனுபவசாலிகள் எல்லோரும் ஆடுகிறார்கள். அதனால் எழுத்துத் தேர்வில் தேறி, வைவாவுக்குக் காத்திருந்த இரண்டு பையன்களைப் பிடித்துப்போட்டார்கள். ஒருவன் கண்ணாடிக்காரன், ஒருவன் குட்டையானவன். அடுத்த மாதம் அவர்களை வைவாவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப்போகிறவர்கள் அன்று மைதானத்தில் கால்காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிரச்சினை டாஸிலேயே வந்தது. காசு சுண்டினபோது மணி 1.48. தோற்றது மாமா. உடனே கடிகாரத்தைப் பார்த்தார். "13-வது சட்டப்படி ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு 30 நிமிஷத்துக்கு முன்னாடியும் போடக் கூடாது, 15 நிமிஷத்துக்குப் பின்னாடியும் போடக் கூடாது. இது 12 நிமிஷம். செல்லாது." எதிரணி கேப்டன் மறுக்கவில்லை. அவரும் நடுவர் அல்லவா, சட்டம் சட்டம்தான். ஆட்டத்தை 2.30-க்குத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்ததும் 1.48 என்பது ரொம்ப முன்கூட்டி ஆகிவிட்டது. ஆகவே இரண்டு கேப்டன்களும் இரண்டு பையன்களும் கையில் ஒரு ரூபாய்க் காசோடு, 2 மணி ஆகும்வரை வெயிலில் பிட்ச் நடுவே நின்றார்கள். மறுபடி சுண்டினார்கள். மாமா மறுபடியும் தோற்றார். இதற்குச் சட்டத்தில் வழி கிடைக்கவில்லை.

மாமா ஆஃப் ஸ்பின் போடுவார். மூன்றாவது ஓவரில் லெக் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே குத்தின பந்து ஒருவர் காலில் பட்டது. மாமா திரும்பி, நடுவர் மூஞ்சியைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டார். கண்ணாடிப் பையன் தலையை ஆட்டினான்.

"ஏன் தம்பி?"

"அவுட்சைட் லெக்ல பிட்ச் ஆச்சு சார்."

"எந்தச் சட்டம்?"

"36 சார்."

"உட்பிரிவு?"

பையன் எச்சில் விழுங்கினான். "36.1.2 சார்."

"சரி" என்று சொல்லிவிட்டு மாமா பந்து போடப் போனார். மிட்-ஆனில் நின்ற இன்னொரு சீனியர், "அப்ப 36.1.3 என்ன சொல்லுது தம்பி?" என்று கேட்டார். அந்த ஓவர் முடிய எட்டு நிமிஷம் ஆனது.

பத்தாவது ஓவரில் எதிரணியில் ஒரு விக்கெட் விழுந்தது. அடுத்து வர வேண்டியவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கால்காப்பின் வார் அறுந்துவிட்டது, கட்டிக்கொண்டு மெல்ல வந்தார். மாமா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப்படி மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடம் முடிந்த கணத்தில் 'ஹவ்ஸ்தட்' என்றார். 2023 நவம்பரில் டெல்லியில் ஏஞ்சலோ மேத்யூஸ் இப்படி ஹெல்மெட் வார் அறுந்து வெளியே போனபோது, "ஷகிப் செஞ்சது மனுஷத்தனமா?" என்று கேட்டவர் இதே மாமாதான். அந்த உலகக் கோப்பையில் இரண்டு நிமிடமே அவகாசம், இங்கே மூன்று கொடுத்திருக்கிறோமே என்று இப்போது விளக்கம் சொன்னார். கண்ணாடிப் பையன் விரலைத் தூக்கிவிட்டான். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் கேப்டன் நினைத்தால் நடுவர் சம்மதத்தோடு அப்பீலை வாபஸ் வாங்கலாம். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் அதற்கடுத்த மட்டையாளர், மாமா மனம் மாறட்டும் என்று, மூன்று நிமிடத்தில் சில வினாடி மீதம் வைத்து அன்னநடை நடந்து வந்து சேர்ந்தார். மாமா மனம் மாறவில்லை.

எங்கள் பக்கம் பேட்டிங் தொடங்கும்போது சூரியன் மேற்கே இறங்கியிருந்தது. மாமா மூன்றாவதாக இறங்கினார். ஒரு பந்து ஆடினார். பிறகு கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். சில்லி பாயின்ட்டில் நிற்பவர் நிழல் பிட்ச்சில் விழுகிறதாம்.

இந்த இடத்தில் ஒரு விவரம் சொல்ல வேண்டும். 2022-இல் பிசிசிஐ அகமதாபாத்தில் நடத்திய நடுவர் தேர்வில் 140 பேர் எழுதி 3 பேர் மட்டும் தேறினார்கள் என்று செய்தித்தாளில் வந்தது. அதில் கேட்ட கேள்விகளில் ஒன்று இந்த நிழல் விவகாரம். கட்டட நிழலையும் மர நிழலையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை, ஃபீல்டர் நிழல் என்றால் அவர் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் டெட் பால். நடுவர் தேர்வு எழுதுகிற ஒருவர் பாக்கியில்லாமல் அந்தக் கேள்வியைப் படித்து வைத்திருந்தார்கள். குட்டைப் பையன் ஓடிவந்து சில்லி பாயின்ட்காரரிடம், "சார், அசையாம நில்லுங்க சார்" என்றான். அவரும் முப்பது வருஷ நடுவர். ஐயனார் கோயில் குதிரை தோற்றது. அப்படி நின்றார். மாமா அடுத்த பந்துக்குத் தயாரானார், மறுபடி நிறுத்தினார்.

"இப்ப என்ன சார்?"

"அவர் அசையல தம்பி. காத்துல அவர் தொப்பி அசையுது."

பதிமூன்றாவது ஓவரில்தான் அந்த எட்ஜ். மாமா மட்டையில் பட்ட சத்தம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே கேட்டது, 'டிக்' என்று. கீப்பர் பிடித்துவிட்டார். பதினொரு நடுவர்கள் ஒரே குரலில் கேட்டார்கள். மாமா மட்டையைப் பார்க்கவில்லை, கீப்பரைப் பார்க்கவில்லை. வலது கையை எடுத்து இடது தோளில் வைத்து அமுக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்து நின்றார். பந்து பட்டது அங்கேயாம். ஒரு கையை எதிர்த் தோளில் வைத்தால் நடுவர் பாஷையில் ஃபீல்டிங் பக்கத்துக்கு ஐந்து ரன் தண்டம் என்று அர்த்தம். என் பக்கத்திலிருந்த ஸ்கோரர் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி ஆமோதித்து, தங்கள் கணக்கில் ஐந்து ரன் சேர்க்கப் பேனாவை எடுத்துவிட்டார். அது நடுவர் இல்லை, மட்டையாளர் என்று எடுத்துச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

குட்டைப் பையன் நடுங்கிக்கொண்டே 'நாட் அவுட்' என்றான். பவுலர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எதிரணி கேப்டன் மாமாவிடம் வந்து, "அண்ணே, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க" என்றார். மாமா தோளைத்தான் தொட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு ஓவர் கழித்துக் கண்ணாடிப் பையன் அவரை எல்பி கொடுத்தான். நேர்ப் பந்து, பின்கால், யாருக்கும் சந்தேகம் வராத அவுட். மாமா போகாமல் மட்டையின் உள் விளிம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "42-வது சட்டம், லெவல் ஒன்னு, தீர்ப்புக்கு அதிருப்தி காட்டுறது!" என்று ஸ்லிப்பிலிருந்து ஒரு குரல். மாமா வகுப்பில் அந்தச் சட்டத்தைப் பாடமாக நடத்தியவர். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை ஐந்து ரன் என்று அவருக்குத் தெரியும். முதல் முறைக்கு உண்டான நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறை வருவதற்குள் நடையைக் கட்டினார். மூன்று ரன்னில் தோற்றோம். பரோட்டாக் கடையில் அந்த எட்ஜைப் பற்றியும் டைம்டு அவுட்டைப் பற்றியும் பேச்சு போய், சால்னா ஆறிப்போனதுதான் மிச்சம்.

அடுத்த மாதம் வைவா. கேள்வி கேட்ட மூவரில் மாமாவும் ஒருவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரிடம் அந்த இரண்டு பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"கண்ணாடிக்காரன் பாஸ். என்னையே எல்பி கொடுத்தவன்டா, பயப்படாதவன். அவனை மாதிரி ஆளுதான் வேணும்."

"குட்டையா ஒருத்தன் இருந்தானே மாமா? உங்களுக்கு நாட் அவுட் கொடுத்தானே?"

மாமா தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினார். "அவன் ஃபெயில். அவ்வளவு பெரிய எட்ஜ், அவன் காதுல விழலையே. அவனை எப்படிப் பாஸ் போடுறது?"

உங்கள் ஊர் டீமிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரை விலக்க வேண்டாம், மனம் நொந்துபோவார். கேப்டனாக மட்டும் போடாதீர்கள். பயிற்சியாளராகப் போட்டால் பவுண்டரிக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு, மடியில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்து உட்கார வையுங்கள். ஃபீல்டிங்கில் டீப் பாயின்ட்தான் அவருக்கு நல்ல இடம், இரண்டு நடுவர்களுக்கும் தூரம். பேட்டிங்கில் கடைசி ஆளாக இறக்குங்கள், அவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்துவிடும், விவாதத்தைப் பரோட்டாக் கடையில் வைத்துக்கொள்ளலாம். அவர் நடுவராக நிற்கிற ஆட்டம் என்றால் எந்த யோசனையும் வேண்டாம், தைரியமாக ஆடுங்கள்.